வானம் தோண்டும் முன் மண்ணைப் பாருங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். வீடு கட்டப்போகிறவர்கள் இப்போதே படியுங்கள்.

போன வாரம் ஒரு போன் வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது அவனுக்கே கல்லூரி போகிற வயதில் பிள்ளை இருக்கிறது, எனக்கு மட்டும் இன்னும் பையன். "டீச்சர், இடம் வாங்கிட்டேன். ஆவணியில மனை போடணும். நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

"நாள் கிடக்கட்டும்யா. மண்ணு என்ன மண்ணு?"

"பிளாட்டு டீச்சர்."

சிரித்துவிட்டேன். பிளாட்டு என்று ஒரு மண் வகையை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. கிண்டிக் கேட்டதில் தெரிந்தது: கண்மாய்க்குக் கீழே பள்ளமாகக் கிடந்த வயல். நாலு வருஷத்துக்கு முன் லாரி லாரியாக மண் அடித்து, மட்டம் செய்து, கல் நட்டு விற்றிருக்கிறார்கள். என்ன மண் அடித்தார்கள், அதற்கு அடியில் என்ன மண் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் வரவேற்பறைக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் என்று முடிவாகிவிட்டது.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1988-ல் நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கதையைச் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம். டீச்சர் என்றால் சுற்றி வளைத்துத்தானே வருவேன்.

நம் பக்கத்தில் அஸ்திவாரக் குழி எடுப்பதை வானம் தோண்டுவது என்போம். தலைக்கு மேலே இருப்பதும் வானம், காலுக்குக் கீழே தோண்டுவதும் வானம். போதாததற்கு நம் ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு விடுவது வாணம். நாரணாபுரத்துப் பிள்ளைகளுக்கு மூன்று சுழி, இரண்டு சுழி வித்தியாசம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கரும்பலகையில் மூன்றையும் எழுதிப் போட்டது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

மண்ணைச் சோதித்துவிட்டுக் கட்டு என்பது புதுசு இல்லை. வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு முழ ஆழத்தில் குழி எடுத்து, எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டு. குழி நிரம்பி மண் மிஞ்சினால் உத்தமம். சரியாக இருந்தால் மத்திமம். மண் போதாமல் குழி பள்ளமாக நின்றால் அந்த இடம் ஆகாது. குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு நூறடி நடந்து திரும்பி வந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிற சோதனையும் உண்டு. இறுகிய மண்ணா, பொலபொலத்த மண்ணா, தண்ணீரை உறிஞ்சுமா, நிறுத்துமா என்று தெரிந்துகொள்ள ஒரு மண்வெட்டியும் ஒரு குடமும் போதும். இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை.

ஆனால் அதே நூல்கள், வெள்ளை மண் இந்த வருணத்துக்கு, சிவப்பு அந்த வருணத்துக்கு, மஞ்சள் இன்னொன்றுக்கு, கறுப்பு கடைசி வருணத்துக்கு என்றும் பிரித்து வைத்திருக்கின்றன. நம் ஊர் முழுக்கக் கரிசல். அந்தக் கணக்குப்படி எல்லோரும் ஒரே வருணம்தான். நல்லதாகப் போயிற்று.

ஐரோப்பாவிலும் இதே கவலைதான். விட்ருவியஸ் என்று கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டில் இருந்த ரோமானியக் கட்டடக்காரர், கெட்டித் தரை கிடைக்கும்வரை தோண்டச் சொல்கிறார். கிடைக்கவே கிடைக்காத சதுப்பு நிலமா, கருக்கிய மரக்கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, இடைவெளியில் கரி நிரப்பி, அதன் மேல் எழுப்பு என்கிறார். அவர் சொன்னதைக் கேட்காததற்குச் சாட்சியாக பைசா கோபுரம் இன்னும் நிற்கிறது. 1173-ல் தொடங்கினார்கள். அடியில் களிமண். அஸ்திவாரம் 3 மீட்டர்தான். மூன்றாவது மாடி வரும்போதே சாய ஆரம்பித்துவிட்டது. அப்போது சண்டை சச்சரவுகளால் வேலை கிட்டத்தட்ட நூறு வருஷம் நின்றுபோனது. அந்த நூறு வருஷத்தில் களிமண் நசுங்கிக் கெட்டிப்பட்டதால்தான் கோபுரம் பிழைத்தது, ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும் என்கிறார்கள் பொறியாளர்கள். நம் காலத்தில் அதைக் காப்பாற்றியவர்கள் முக்கியமாகக் கை வைத்தது மண்ணில்தான். சாயாத பக்கத்து மண்ணை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, கோபுரத்தைச் சிறிது நிமிரவைத்து 2001-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். முக்கிய வைத்தியம் மண்ணுக்குத்தான்.

நம் ஆள் ஒருவர் பாறையே இல்லாத இடத்தில் கட்டினார். கல்லணையைச் சொல்கிறேன். ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனோம். தஞ்சாவூர், கல்லணை, திருச்சி. பாதிப் பேர் அணையைப் பார்க்காமல் முறுக்கு வாங்கப் போய்விட்டீர்கள். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

காவிரியில் எவ்வளவு தோண்டினாலும் மணல். பெரிய கற்களைக் கொண்டுவந்து போட்டால் அடியில் மணல் அரித்து கல் கீழே இறங்கும். இறங்கட்டும் என்று அதன் மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். இன்னொன்று. இனி இறங்க வழியில்லை என்று கற்கள் அமர்ந்த பிறகு அதுவே அஸ்திவாரம். கரிகாலன் பேரில் சொல்லப்படுகிற அந்த அணை சுமார் 1,080 அடி நீளம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

1820-களின் கடைசியில் காவிரிப் பொறுப்புக்கு வந்த ஆர்தர் காட்டன் அதைப் பார்த்து அசந்துபோனார். ஆழம் காண முடியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதை இந்த நாட்டுக்காரர்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம் என்று பிற்காலத்தில் எழுதியும் வைத்தார். ஆளுகிற இனத்தைச் சேர்ந்த ஒருவர் அப்படி எழுத மனசு வேண்டும். கற்றதை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. மணலில் செங்கல் கிணறுகளை வரிசையாக இறக்கி, உள்ளே நிரப்பி, அவற்றின் தலைமேல் சுவர் எழுப்புவது அந்தக் கால முறை. கிணறு இறக்குவது நமக்குப் பழகிய வேலை. கீழடியில் தோண்டியபோது கிடைத்த சுடுமண் உறைகிணறுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதே கை வேலைதான், தண்ணீர் எடுக்கிறதற்குப் பதில் பாரம் தாங்குகிறது. பிறகு 1847-லிருந்து 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார் காட்டன். பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த டெல்டா பச்சையானது. ஆந்திராவில் இன்றும் அவருக்குச் சிலை வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த அணைக்கு மூலம் நம் கல்லணை.

முக்கொம்பு மேலணையின் முடிவையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 182 வருஷம் நின்ற கட்டுமானம். ஆற்றில் மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். கட்டுமானத்துக்கு வயசாகிவிட்டது என்று இன்னொரு தரப்பு சொன்னது. எனக்கு ஒன்று தோன்றியது. மணலில் அஸ்திவாரம் போடலாம், மணல் இடத்தைவிட்டுப் போகாதவரை. அதை நாமே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் எந்தக் கரிகாலனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது நம் கரிசலுக்கு வருகிறேன்.

கோடையில் நம் காட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். ஐப்பசியில் மழை விழுந்ததும் அதே வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும், காலை வைத்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். காரணம் அதில் இருக்கிற மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை. தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கும். பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் அது வரம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு அதுவே வினை.

வராகமிகிரரின் குழிச் சோதனை இங்கே ஏமாற்றும். சித்திரையில் கரிசலில் குழி எடுத்தால் பாளம் பாளமாகக் கட்டி பெயரும். திரும்பக் கொட்டினால் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து மண் மிஞ்சத்தான் செய்யும். நூலின்படி உத்தமம்! நம்பிக் கட்டினால் ஒரே மழையில் தெரிந்துவிடும். மண்ணை ஒரு பருவத்தில் மட்டும் பார்த்தால் போதாது.

வீடு எப்படி விரிசல் விடுகிறது என்பதையும் சொல்கிறேன், இது தேர்வில் வராது, வாழ்க்கையில் வரும். கோடையில் சுவரோரத்து மண் வெயில் பட்டுக் காய்ந்து சுருங்கும். வீட்டுக்கு நடுவில், தளத்துக்கு அடியில் இருக்கிற மண் காயாது. அதனால் ஓரம் இறங்கும், நடு நிற்கும். மழைக்காலத்தில் ஓரம் உப்பி எழும். வருஷா வருஷம் இந்த ஏற்ற இறக்கம். பாரம் அதிகமான சுவரைவிட, பாரம் குறைந்த போர்ட்டிகோவும் காம்பவுண்டுச் சுவரும்தான் முதலில் தூக்கிக்கொள்ளும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு விழும். கதவு நிலையில் மாட்டும். ஒரு பக்கம் மட்டும் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாலோ, செப்டிக் டேங்க் கசிந்தாலோ, சுவரை ஒட்டி வேப்பமரம் நின்று ஈரத்தை இழுத்தாலோ இன்னும் மோசம்.

1988-ல் நாங்கள் வானம் தோண்டியபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நின்றார். எங்கள் கொத்தனார். பள்ளிக்கூடம் போகாதவர். மூன்றடி தோண்டியதும் குழிக்குள் இறங்கி, மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இன்னும் கருப்பாத்தான் வருது. சுக்கான் தட்டுற வரைக்கும் போகணும். ஆறடி ஆகும், ஏழடியும் ஆகும்" என்றார்.

என் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கிய பணம் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். இன்னும் மூன்றடி என்றால் கூலி, கருங்கல், சிமெண்டு எல்லாம் கூடும். எங்கள் வீட்டுக்காரருக்கு ஆழம் போகலாம் என்றுதான் எண்ணம். நான்தான் கணக்குப் பார்த்தேன். மண்ணுக்குள் போகிற காசை யார் பார்க்கப்போகிறார்கள்? கூடத்துக்கு மொசைக் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். "போதும் அண்ணாச்சி, மூணரை அடியில கல்லை வைங்க" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. குழியில் அரை அடிக்கு மணல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, திமிசு போட்டு இறுக்கிவிட்டுக் கல் வைத்தார். மேலேறி வந்து கையைக் கழுவும்போது, "மழை வந்தா தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது வருஷக் கார்த்திகையில் தெரிந்தது. படுக்கையறை ஜன்னலிலிருந்து கூரை வரை ஒரு கோடு. அடுத்த கோடையில் அது ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவுக்கு விரிந்தது. அந்த அறையில்தான் எங்கள் மாமியார் படுத்திருந்தார், வாத நோய். ஒரு நாள் ராத்திரி காரை பெயர்ந்து அவர் தலைமாட்டில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்ததால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவர் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம், நான் ஆசைப்பட்டுப் போட்ட மொசைக் தரைக்கு.

அதன் பிறகுதான் புத்தகம் தேட ஆரம்பித்தேன். அஸ்திவாரம் பற்றிய அனுபவம் ஆயிரக்கணக்கான வருஷப் பழசு. ஆனால் மண்ணுக்கென்று கணக்குப் போட்ட ஒரு விஞ்ஞானம் வந்து நூறு வருஷம்தான் ஆகிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த டெர்சாகி 1925-ல் எழுதிய புத்தகத்திலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். நம் கரிசலுக்கு மருந்து கண்டது நம் நாட்டிலேயே. ரூர்க்கியில் 1947-ல் தொடங்கிய மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அண்டர் ரீம் பைல் என்ற முறையைச் சாதாரண வீடுகளுக்கும் ஏற்றபடி கொண்டுவந்தது. விஷயம் எளிது. மூன்றரை மீட்டருக்குக் கீழே போனால் கோடையும் மழையும் அனேகமாக எட்டாது, மண் உப்புவதும் சுருங்குவதும் அங்கே இல்லை என்று சொல்லலாம். அதுவரை கைத்துளைப்பானால் துளை போட்டு, அடியில் மட்டும் குடை விரித்தாற்போல் துளையை இரண்டரை மடங்கு அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவது. மேல் மண் உப்பித் தூணைப் பிடித்து மேலே இழுத்தாலும், அடியில் இருக்கிற குமிழ் நங்கூரம் போல விடாது. தூண்களின் தலையில் ஓடுகிற பீமை மண்ணைத் தொடாமல் மூன்று அங்குலம் தூக்கி வைப்பார்கள். மண் உப்புவதற்கு இடம் விட்டு வைப்பது. இதற்கு 1980-லேயே இந்தியத் தர விதி வந்துவிட்டது. என் வீடு கட்டி எட்டு வருஷத்துக்கு முன்பே!

பைல் போட வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு வழி. மும்பை ஐ.ஐ.டி.யில் ஆர்.கே. கட்டி என்ற பேராசிரியர் (பேரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) கரிசலை ஒரு மீட்டர் அளவுக்கு அகற்றிவிட்டு, உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கினால் அடியில் இருக்கிற கரிசலின் உப்பல் அடங்குகிறது என்று காட்டினார். நம் பக்கத்துச் செம்மண் சரளையில் அந்தக் குணம் கொண்டது கிடைக்கும், சோதித்து எடுக்க வேண்டும். வெறும் மணல் அந்த வேலையை அவ்வளவாகச் செய்யாது, மணல் வழியே தண்ணீர் நேராக அடிமண்ணுக்குப் போய்விடும். எங்கள் குழியில் போட்ட அரை அடி மணல் ஏன் காப்பாற்றவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொத்தனார் தெரிந்ததைச் செய்தார். நான்தான் ஆழத்தைத் தரவில்லை.

நம் ஊரில் மண் பார்ப்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பட்டாசு ஷெட்டுக்கு இடம் பார்க்கிறவர்கள் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைவிட, அடுத்த ஷெட் எவ்வளவு தள்ளி இருக்கும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். விதியும் அதைத்தான் கேட்கிறது. சின்னச் சின்ன அறை, ஓட நிறைய வாசல், நடுவில் வெறும் பொட்டல். மானாவாரிக் கரிசல் அகலமாக, மலிவாகக் கிடந்ததால் அந்த இடைவெளியை விட முடிந்தது. இடைவெளியில் மிச்சம் பிடித்தவர்களின் கணக்கை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். நம் தெருவிலேயே அந்தக் கணக்கு இருக்கிற வீடுகள் உண்டு. இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

அடித்த மண்ணைப் பற்றிக் கேட்ட பையனுக்காக ஒன்று. 2014 ஜூன் 28 சாயங்காலம், சென்னை மௌலிவாக்கத்தில், போரூர் ஏரிப் பக்கம், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் போனார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த கூலிக்காரர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடமும் ஆபத்து என்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உன் வீடு 11 மாடி இல்லை, தெரியும். ஆனால் கொட்டிய மண் பல வருஷம் அமுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே மட்கும் குப்பை இருந்தால் இன்னும் அதிகம். அதன் மேல் கல்லை வைக்காதே. அதைத் தாண்டிச் சொந்த மண்ணுக்குப் போ, அது கரிசல் என்றால் அதையும் தாண்டு. மண் பரிசோதனைக்கு ஆகிற செலவு உன் வாசல் கதவின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கேட்டுப் பார்.

எங்கள் வீட்டுக்கு என்ன செய்தோம் என்று சிலர் கேட்பீர்கள். சுவரைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, மழைத்தண்ணீர் சுவரோரம் இறங்காமல் வெளியே ஓடவிட்டோம். மேற்கே சுவரை ஒட்டி நின்ற வேப்பமரத்தை வெட்ட வேண்டியதாயிற்று, அழுதுகொண்டே. போர்ட்டிகோவை இடித்துவிட்டோம். விரிசல் முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. நான் அதைப் பூசி மறைக்கவில்லை. விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரையிலும் கார்த்திகையிலும், அகலத்தை அளந்து பக்கத்தில் தேதி எழுதி வருகிறேன். டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் பலர் அந்தச் சுவரில்தான் மில்லிமீட்டர் படித்தார்கள். "டீச்சர் வீட்டுச் சுவர் மூச்சு விடுது" என்று ஒருத்தி நோட்டில் எழுதியிருந்தாள். இப்போது அவள் பொதுப்பணித் துறையில் இருக்கிறாள். இதைப் படித்துக்கொண்டிருப்பாள்.

நேற்று அந்தப் பையன் போட்டோ அனுப்பினான். இடத்தின் வடகிழக்கு மூலையில் ஆள் வைத்துக் குழி எடுத்திருக்கிறான். மேலே மூன்றடிக்குச் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த மண். அதற்குக் கீழே கறுப்பு. ஐந்தரை அடியிலும் கறுப்புதான். "இன்னும் போகணுமா டீச்சர்?" என்று கேட்டிருந்தான். போகணும் என்று பதில் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடி ஆள் வருகிறதாம். சுக்கான் தட்டினால் ஒரு கட்டியை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.